போதிகையிற் சிறு குழிகள்



அம்மி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது வழுக்கிக்கொண்டு போகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். அவ்வேளையில் அம்மி பொளிபவரை அழைத்து, சிற்றுளியும் சுத்தியலுங் கொண்டு கல்லின் முகத்திலே நூற்றுக்கணக்கான சிறு குழிகளை இடுவித்துக்கொள்வர். குழி விழுந்த கல் பொருளைப் பற்றும். பற்றவே பொருள் அரைபடும். இஃது யாவரும் அறிந்த கைவினை. இனி நான் கூறப்போவது இதற்கு நேர்மாறாகத் தோன்றும். இயந்திரங்களிலே ஒன்றின்மேலொன்று வழுக்கும் உலோக முகங்கள் உண்டல்லவா? அவற்றுள் ஒன்றைக் கண்ணாடிபோல் மெருகிட்டபின், கண்ணுக்குப் புலனாகாத சிறு குழிகளை அம்முகத்திலே வரிசையாகப் பொளிந்துவிட்டால், அது முன்னிலும் இலகுவாக வழுக்குகின்றது. கல்லிலே பற்றுதலைத் தரும் குழி, உலோகத்திலே பற்றுதலைக் குறைப்பதெங்ஙனம்? அம்மியிலே இல்லாத ஒன்று இயந்திரத்திலே இருக்கின்றது, அதுதான் எண்ணெய். விடை இவ்வளவே. எனினும் அவ்விடையை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுத் தூரம் சுற்றிவர வேண்டியிருக்கின்றது.

மன்னார்த் தீவிலிருந்தே புறப்படுவோம். பேசாலை, தாழ்வுபாடு, தலைமன்னார் என்னும் தீவுக் கிராமங்களிலும், எதிரே பெருநிலக் கரையிலுள்ள வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய ஊர்களிலும் மக்களின் வாழ்வு கடலோடு பிணைந்தது. மீனும் நண்டும் இறாலும் வலையில் விழுந்த கணத்திலிருந்தே காலத்தோடு போட்டியிடத் தொடங்குகின்றன. அப்போட்டியில் மீனவனுக்குத் துணை நிற்பது பனிக்கட்டி. பனிக்கட்டியை ஆக்குவது குளிரூட்டும் பொறி. அப்பொறியின் இருதயமாக அமைந்தது அமுக்கி. "கொம்பிரசர்" என்று நம்மவர் வழங்குவது அதனையே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பனிக்கட்டிச் சாலையிலே ஓரிரவு நின்றிருந்தேன். அன்று மின்சாரம் பலமுறை நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறையும் அமுக்கி ஓய்ந்து மீண்டும் புறப்பட்டது. நள்ளிரவுக்குப் பின்னர் ஒருமுறை புறப்பட்டபோது, உறுமல் முனகலாக மாறி, அமுக்கி இறுகி நின்றுவிட்டது. முதிய பொறிவினைஞர் ஒருவர் அடிப்பாகத்தைத் திறந்து போதிகையின் ஓட்டைக் கழற்றி என் கையிலே தந்தார். வெள்ளுலோகப் பூச்சு உருகி இழுபட்டு, வெயிலிலே வைத்த மெழுகுபோல ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. "எண்ணெய்க்குக் குறைவில்லை, ஐயா, தேவைப்பட்ட இடத்திலேதான் அது இல்லை" என்றார் அவர். விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்தபோது பனிக்கட்டி போதவில்லை. நல்ல விலைக்குப் போகவேண்டிய மீனிற் பெரும்பகுதி உப்பிடப்பட்டுக் கருவாடாயிற்று. அந்த முதியவர் சொன்ன வாக்கியத்தையே இன்றைய பேச்சின் விடயமாக எடுத்துக்கொண்டேன் என்று கூறினும் பொருந்தும்.

போதிகை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் மண்டபத்திலே தூணின் தலையிலமர்ந்து உத்தரத்தைத் தாங்குகின்ற உறுப்புக்கே போதிகை என்று பெயர். ஈழத்திலே அறிவியற் கலைச்சொற்களை ஆக்கியோர், சுழலும் தண்டைத் தாங்குகின்ற உறுப்புக்கும் அப்பெயரையே இட்டனர். "பெயறிங்" என்று பட்டறைகளில் வழங்குவதைக் காட்டிலும் இஃது எத்துணை அழகுடையது! ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கோயிற் போதிகையின்மேல் உத்தரம் அசைவதில்லை. பொறியின் போதிகையிலோ தண்டு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான முறை சுழலுகின்றது. அதேவேளை பிஸ்டன் உலக்கைபோல் ஏறியிறங்கித் தருகின்ற அடியையும் அது தாங்கவேண்டும்.

பனிக்கட்டிச் சாலையின் வேலை என்ன? குழாய்களிலே அமோனியாத் திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள உப்புநீரின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளுகின்றது. குளிர்ந்த உப்புநீரில் அமிழ்ந்திருக்கும் தகரப் பெட்டிகளிலே நன்னீர் உறைகின்றது. அமுக்கி அந்த ஆவியை உறிஞ்சி நெருக்கி வெளியே தள்ளுகின்றது. நெருக்குண்ட ஆவி தன் வெப்பத்தை வெளியே கொட்டிவிட்டு மறுபடியும் திரவமாகின்றது. இச்சுற்று இரவுபகலாக நடைபெறுதல் வேண்டும். அமுக்கிக்கு ஊட்டப்படும் மின்வலுவில் ஒரு பங்கு இப்பணிக்கு உதவாது, உராய்விலே வெறும் வெப்பமாகக் கழிகின்றது.

அவ்வுராய்வு எத்தன்மையது என்பதை முதன்முதல் தெளிவுபடக் காட்டியது ஒரு சிறிய விபத்து எனலாம். இங்கிலாந்திலே பொறியியலாளர் கழகத்தின் பொருட்டுப் போசாம்ப் தவர் என்பவர் புகையிரத அச்சுகளின் போதிகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய முதல் அறிக்கை 1883இல் வெளியாயிற்று. எண்ணெய் விடுவதற்காக அவர் போதிகையின் உச்சியிலே ஒரு துளையிட்டார். பொறி ஓடத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே செல்லுவதற்குப் பதிலாக அத்துளையினூடாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை தெறித்தது. மரமுளையை அடித்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, போதிகைமேலுள்ள சுமையின் சராசரி அழுத்தத்தைவிட எண்ணெயின் அழுத்தம் இருமடங்குக்கு மேலாயிருந்தது தெரியவந்தது. அதாவது, தண்டு உலோகத்தின்மேல் இருக்கவில்லை, எண்ணெயின்மேல் மிதந்துகொண்டிருந்தது.

மான்செஸ்ரரில் பேராசிரியராயிருந்த ஒஸ்போண் றெனோல்ட்ஸ் 1886இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். தண்டு போதிகையின் நடுவிலே நில்லாது சற்று ஒருபுறம் ஒதுங்கி நிற்கும். ஆகையால் இரண்டுக்கும் இடையேயுள்ள வெளி ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் ஆப்புப்போல் அமையும். சுழலும் தண்டு தன்னோடு ஒட்டிய எண்ணெயை அந்த ஒடுங்கிய வெளிக்குள் இழுத்துச் செல்லுகின்றது. மடுத் திருவிழாவிலே அகன்ற வெளியில் வரும் சனத்திரள் ஒடுங்கிய வாயிலை அண்மியதும் நெருக்கம் மிகுவதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெயிலும் அவ்வாறே அழுத்தம் மிகுந்து தண்டை உயர்த்துகின்றது. அவ்வாறு உயர்த்தும் படலத்தின் தடிப்பு மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை மைக்கிரோமீற்றர் என்பர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் என்று கொள்ளலாம். போதிகையின் மிக ஒடுங்கிய இடத்திலே எண்ணெய்ப் படலம் சில மைக்கிரோமீற்றர் மாத்திரமே. அந்த மெல்லிய படலத்தை நம்பியே பல தொன் எடையுள்ள பொறிகள் ஓடுகின்றன.

இதனாற் போந்த ஓர் இடர்ப்பாட்டையும் நோக்குக. படலம் உண்டாவதற்குத் தண்டு சுழலுதல் வேண்டும். சுழலாதபோது ஆப்பு இல்லை, அழுத்தமும் இல்லை, தண்டு உலோகத்தின்மேற் படிந்துவிடும். மறுபடி புறப்படும் முதற் சில சுழற்சிகளில் உலோகமும் உலோகமும் உரசும். ஜெர்மனியிலே ஸ்திறிபெக் என்பவர் 1902இல் வெளியிட்ட சோதனைகள் இதனை நன்கு காட்டின. வேகம் மிகக் குறைவாயிருக்கையில் உராய்வு மிகுதி. வேகம் ஏறஏற அது சடுதியாகக் குறைந்து ஓர் எல்லையை அடையும். அதற்குமேல் எண்ணெயின் பிசுக்குமை காரணமாக மெல்லமெல்ல மீண்டும் ஏறும். நான் கண்ட பனிக்கட்டிச் சாலை அமுக்கி ஓரிரவிலே அந்தத் தீய பகுதியை எத்தனைமுறை கடந்ததோ! மின்சாரம் ஒழுங்காக வராத ஊர்களிலே போதிகைகள் விரைவில் தேய்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தடிப்பான எண்ணெயை இட்டால் என்ன என்று கேட்பீர்கள். இடலாம், படலம் தடிக்கும், காப்பும் மிகும். ஆனால் பாகுபோன்ற எண்ணெயைக் கலக்கிச் சுழல்வதற்கே தண்டு வலுவைச் செலவிடவேண்டி வரும். மெல்லிய எண்ணெயை இட்டால் வலு மிஞ்சும், படலமோ கிழியும். வீட்டுக் குளிர்ப்பெட்டிகளை ஆக்குவோர் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருதி ஆண்டுதோறும் மெல்லிய எண்ணெயையே நாடி வருகின்றனர். அன்றியும், அமோனியா கனிய எண்ணெயிலே பெரிதுங் கரைவதில்லை. குளிர்ப்பெட்டிகளிலே வழங்கும் வேறு குளிராக்கிகள் எண்ணெயிற் கரைந்து அதனை மேலும் நீர்த்துப்போகச் செய்கின்றன. மெல்லிய எண்ணெயும் வேண்டும், படலமும் கிழியலாகாது என்னும் இந்நெருக்கடியிலேதான் குழி பொளியும் கலை கைகொடுக்கின்றது.

1966ஆம் ஆண்டிலே ஹமில்ரன், வலோவிற், அலன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், சுழலும் தட்டுகளின் முகத்திலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களே எண்ணெய்ப் படலத்தைத் தாங்க வல்லன என்று ஒரு கட்டுரையிலே காட்டினர். அதே ஆண்டிலேதான் பிரித்தானியாவில் வெளியான ஓர் அரசாங்க அறிக்கை, உராய்வும் தேய்வும் மசகிடலும் பற்றிய துறைக்கு "றைபோலொஜி" என்னும் பெயரை வழங்கச் செய்தது. ஆனால் வேண்டிய அளவிலே, வேண்டிய இடத்திலே நுண்குழிகளை இடுவதற்கு அக்காலத்தில் எளிய கருவி இல்லை. 1990ஆம் ஆண்டுகளில் இசுரேலின் ஹைபா நகரிலுள்ள தெக்னியன் கழகத்திலே இற்ஸ்ஹாக் எற்சியோன் என்பவரும் அவர்தம் துணைவரும் லேசர்க் கதிரின் துடிப்புகளைக் கொண்டு உலோக முகத்தைப் பொளியத் தொடங்கினர். ஒரு துடிப்பு விழுந்ததும் அவ்விடத்து உலோகம் உருகி ஆவியாய்ப் போகும். ஒரு சிறு கிண்ணம் எஞ்சும். கிண்ணத்தின் விளிம்பிலே உருகிய உலோகம் சிறு வரம்பாக உறைந்து நிற்பதுண்டு. அவ்வரம்பை மெருகிட்டு அகற்றாவிடில் நன்மைக்காக இட்ட குழியே எதிர் முகத்தைக் கீறிவிடும்.

குழிகளின் அளவு வியப்பைத் தருவது. அகலம் ஏறத்தாழ 100 மைக்கிரோமீற்றர். ஆழம் சில மைக்கிரோமீற்றர். ஆகவே இது கிணறன்று. மிக ஆழமற்ற ஒரு தட்டம். முகத்தின் பரப்பிலே பத்திலொரு பங்கைக் குழிகள் கொள்ளுமாறு அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு சதுர சென்ரிமீற்றரில், அதாவது நம் சுண்டுவிரல் நகத்தளவான இடத்திலே, ஏறத்தாழ 1,270 குழிகள் அமையும். அம்மி பொளிபவர் இதனைக் கண்டால் தம் உளியைக் கீழே வைத்துவிடுவார்!

இக்குழிகள் செய்வதென்ன? முதலாவது, அவை எண்ணெயைச் சேமிக்கின்றன. ஆழம் 5 மைக்கிரோமீற்றர் என்று கொண்டால், மேற்கூறிய நகத்தளவு இடத்துக் குழிகள் யாவற்றிலும் தேங்கும் எண்ணெய் ஒரு துளியின் ஆயிரத்திலொரு பங்குக்கு மிகாது. இதனாற் பயன் யாது என்று எள்ளவேண்டாம். அரை மைக்கிரோமீற்றர்த் தடிப்புள்ள படலத்தை அவ்விடம் முழுவதிலும் விரிப்பதற்கு அதுவே போதும். பொறி ஓய்ந்தபோது படலம் முழுவதும் பிழியப்பட்டு வெளியேறினும், குழியினுள்ளே இருந்தது அங்கேயே இருக்கும். மறுபடி தண்டு அசைந்த முதற் கணத்திலே அது முகத்தில் இழுபட்டுப் பரவும். "தேவைப்பட்ட இடத்திலேதான் அது இல்லை" என்று வருந்திய முதியவருக்கு விடை இதுவே.

இரண்டாவது செயல் சற்று நுட்பமானது. எதிர் முகம் குழியைக் கடந்து செல்லும்போது எண்ணெய் முதலில் அகன்ற வெளிக்குள் வருகின்றது. அங்கே அழுத்தம் குறைகின்றது. பின்னர் குழியின் மறுகரையை நோக்கி ஒடுங்கிச் செல்லுகின்றது. அங்கே அழுத்தம் மிகுகின்றது. குறைந்ததும் மிகுந்ததும் சமமாயின் ஒன்றையொன்று தின்று பயனின்றிப் போகும். ஆனால் எண்ணெயிலே அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே குறைய முயன்றால், கரைந்திருந்த வாயு வெளிப்பட்டுக் குமிழிகள் தோன்றிவிடும். அதற்குமேல் அழுத்தம் இறங்காது. மிகுதற்கோ அத்தகைய தடை இல்லை. ஆகவே இறக்கம் மட்டுப்படவும் ஏற்றம் ஓங்கவும், ஒவ்வொரு குழியும் ஒரு சிறு போதிகையாகித் தண்டை மேலே உயர்த்துகின்றது. றெனோல்ட்ஸ் கண்ட ஆப்பு ஒன்று. இங்கே ஆயிரக்கணக்கான சிறு ஆப்புகள்.

மூன்றாவது, தேய்ந்து உதிரும் உலோகத் துகள்களும் வெளியிலிருந்து புகும் தூசியும் முகங்களுக்கு நடுவே உருண்டு கீறாமல் குழிகளில் விழுந்து அடங்குகின்றன. மன்னார் போன்ற மணற்பாங்கான இடத்துக்கு இது சிறிய நன்மையன்று. ஆயின் குழி நிறைந்துவிட்டால் எண்ணெய்க்கு இடமில்லை என்பதையும் மறக்கலாகாது. வடிகட்டியை மாற்றாதவனுக்கு லேசர் துணைசெய்யாது.

குழி எங்கும் எப்போதும் நன்மையே பயக்கும் என்று எண்ணுவது தவறு. இதுபற்றி விளம்பரங்கள் சொல்வதை அவ்வாறே நம்புதலும் தவறு. தட்டையான முகங்கள் ஒன்றின்மேலொன்று வழுக்கும் உந்தற் போதிகைகளிலும், அடைப்புத் தட்டுகளிலும், பிஸ்டன் வளையங்களிலும் பயன் தெளிவாகத் தெரிந்துள்ளது. அம்முகங்களுக்கு இயல்பாக ஆப்பு வடிவம் இல்லை. குழிகளே அதனைத் தருகின்றன. தண்டைச் சூழ்ந்த உருளைப் போதிகையிலோ ஆப்பு முன்னரே உண்டு. அங்கே சுமை மிகுந்து படலம் மெலிந்துள்ள இடத்திலே குழிகளை நிறைத்தால், எண்ணெய்க்கு ஒதுங்க இடங்கிடைத்து அழுத்தம் தளர்ந்து, தாங்குதிறன் குறைவதும் உண்டு. ஆகையால் முகம் முழுவதையும் பொளியாது ஒரு பகுதியை மாத்திரம் பொளிதலே சிறந்தது என்று பல ஆய்வுகளிலே காணப்பட்டது. குண்டுகளும் உருளைகளும் உருண்டோடும் போதிகைகளிலோ நிலைமை வேறு. அங்கே மிகச் சிறிய தொடுகையிலே பெருஞ்சுமை விழுவதால், தாறுமாறாக இட்ட குழியின் ஓரத்திலிருந்தே வெடிப்பு முளைக்கக்கூடும். பட்டறையிலே ஒருவர் கையுளியால் இதனைச் செய்துபார்க்க முற்படுவாராயின், அதற்கு முன்னர் இவ்வுரையின் இந்தப் பகுதியை இருமுறை கேட்பாராக.

இஃது முற்றிலும் புதியதோர் எண்ணமும் அன்று. உருளைகளின் உட்சுவரைத் தீட்டும்போது கண்ணாடிபோல் விடாது, ஒன்றையொன்று குறுக்கறுக்கும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே விடுவது பொறிவினைஞரின் பழைய வழக்கம். மிகையாக மெருகிட்ட உருளை எண்ணெயைத் தாங்காது என்பதை அவர்கள் பட்டறிவினாற் கண்டிருந்தனர். பழைய போதிகைகளைச் சுரண்டுகருவியாலே சுரண்டிப் பொருத்தும்போது எஞ்சும் மெல்லிய பள்ளங்களும் அத்தகையனவே. கைத்திறன் அறிந்திருந்ததைக் கணிதம் பின்னர் அளந்து சொல்லிற்று.

அளவிலே பயன் எவ்வளவு? எற்சியோன் அவர்களும் மற்றொருவரும் 2009இல் வெளியிட்ட சோதனையிலே, டீசற் பொறியொன்றின் பிஸ்டன் வளையங்களை ஒரு பகுதி பொளிந்தபோது எரிபொருட் செலவு 4 வீதம் வரை குறைந்தது. 4 வீதம் சிறிதென்பவர் ஒருமாத டீசற் கணக்கையாயினும் தம் கைப்பணத்திலிருந்து செலுத்திப் பார்த்தல் வேண்டும். உலகம் முழுவதையும் நோக்கினால், பின்லாந்து நாட்டு ஹொல்ம்பேக்கும் அமெரிக்காவின் எர்தெமிரும் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 23 வீதம் உராய்வினாலும் தேய்வினாலும் போகின்றது. இதில் 20 வீதம் உராய்வை வெல்லுவதற்கும், 3 வீதம் தேய்ந்த உறுப்புகளைப் புதிதாக ஆக்குவதற்குமாம். மன்னார்த் தீவின் தென்கரையிலே நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகளை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டு டிசெம்பரிலே திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தில் 30 காற்றாலைகள். மொத்த வலு 103.5 மெகாவாட்டு. அங்கே பெறும் மின்சாரம் எங்கே சென்று எப்பொறியைச் சுழற்றினும், அதில் ஒரு பங்கு உராய்வென்னும் சுங்கத்தைச் செலுத்தியே தீரும்.

இனி மன்னாரிலே உள்ள வேறொருவகை அமுக்கியைப் பற்றியும் கூறுதல் வேண்டும். அதிலே உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றது. முற்காலத்திலே அரிப்புக் கடலில் முத்துக் குளித்தோர் கல்லைக் காலிற்கட்டி, ஒரே மூச்சோடு இறங்கி, மூச்சடங்குமுன் ஏறினர். 1905இல் பெருவிளைவு தந்த அக்குளிப்பு அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே ஓய்ந்துபோயிற்று. அட்டையும் சங்கும் எடுக்க இக்காலத்தில் இறங்குவோர் முதுகிலே காற்றுருளையைச் சுமந்து செல்லுகின்றனர். அவ்வுருளையை நிரப்புவது கரையிலே ஓடும் ஒரு சிறிய காற்றமுக்கி. சாதாரண வளியமுக்கத்தின் இருநூறு மடங்களவுக்குக் காற்றை அது நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்று தானே சூடேறும். மசகிடல் குறைந்து உராய்வின் வெப்பமும் அதனோடு சேருமாயின், உருளையினுள்ளே எண்ணெய் கருகத் தொடங்கலாம். கருகும் எண்ணெயிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரையிலே தலைவலியை மாத்திரம் தரும் அளவு, 10 மீற்றர் ஆழத்திலே அழுத்தம் இரட்டிப்பதால் இருமடங்கு வலிமையோடு குருதியிற் சேரும். அங்கே மயங்கியவனை எழுப்ப ஒருவருமில்லை. ஆகவே இவ்வமுக்கியின் உருளைச் சுவரிலே குறுக்குக் கீறல்கள் தேய்ந்து மறைந்துவிட்டனவா என்பதைக் குறித்த காலத்திலே திறந்து பார்ப்பதும், சுவாசக் காற்றுக்கென்றே விதிக்கப்பட்ட எண்ணெயைத் தவிர வேறொன்றை வார்க்காதிருப்பதும் இன்றியமையாதன.

அதே நச்சு வேறொரு வழியாலும் உருளைக்குள் வருகின்றது. இவ்வமுக்கிகளிற் பல எரிபொருட் பொறியினால் இயக்கப்படுவன. அப்பொறியின் புகையை அமுக்கியின் உறிஞ்சுகுழாய் உள்ளிழுத்துவிடலாம். குழாயை உயர்த்தி, காற்று வரும் திசையிலே வாய் இருக்குமாறு வைப்பர். ஆனால் மன்னாரிலே காற்று ஆண்டு முழுவதும் ஒருபக்கமாய் வீசுவதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் நல்ல இடமாயிருந்தது, வாடை திரும்பியதும் புகைநிழலுக்குள் வந்துவிடும். காற்றுத் திரும்பும் வாரத்திலே, முதல் உருளையை நிரப்புவதற்கு முன்னர், அக்குழாயின் வாயையும் திருப்பி வைத்தல் வேண்டும்.